எதிர் வயலில் நிற்கும் பலகை

வானத்தைக் கூடாரமாய் விரித்து, வழிநடப்போர்க்கு மேகமும் விண்மீனுமாய் முன்செல்லும் ஆண்டவருக்கே புகழ் உண்டாவதாக.

பிளாட் ஆற்றங்கரை, நெப்ராஸ்கா.
ஜூன் மாதம், ஞாயிறு மாலை.

ஓரிகானில் வாழும் அன்புத் தம்பி எல்டனுக்கு, அக்கா தெக்லா எழுதுவது. உன் நலத்துக்கும் உன் மனைவி வெர்னாவின் நலத்துக்கும் நாள்தோறும் ஜெபிக்கிறேன். இங்கே நல்ல மழை. ஆலயத்தில் இப்போதெல்லாம் பாட்டுக்கு எழுந்து நிற்க முடிவதில்லை, அமர்ந்தே பாடுகிறேன்.

நீ அனுப்பிய விற்பனைப் பத்திரம் கிடைத்தது. உன் கையெழுத்தின் கீழே என் இடம் இன்னும் வெறுமையாய் இருக்கிறது. வாங்குபவர் அறுவடைக்குப் பின் உழுதுவிடுவார் என்றும், அங்கே வெறும் புல்தானே, சரித்திரப் பலகைகூட எதிர் வயலில்தானே நிற்கிறது என்றும் எழுதியிருந்தாய்.

பலகை அங்கே ஏன் நிற்கிறது என்று உனக்குத் தெரியாததல்ல. அக்காலத்தில் புதுநிலம் தேடிக் குடும்பத்தோடு மேற்கே போன வண்டிகளின் பாதை நம் நிலத்தில் கிடக்கிறது. கார்கள் ஒதுங்கி நிற்க வசதியோ சாலைக்கு எதிரே, நம் அயலார் ஹால்வரின் நிலத்தருகே இருந்தது. நெடுஞ்சாலைக்காரர்கள் வசதியைப் பார்த்து நட்டுவிட்டார்கள். அன்று தொட்டு வருவோரெல்லாம் ஹால்வரின் சோளத்தைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றுகிறார்கள். “என் சோளத்துக்கு இருக்கிற மரியாதை நம்ம பாதிரியாருக்குக்கூட இல்ல” என்று அவரும் சிரித்துக்கொண்டிருப்பார்.

சென்ற வியாழன் மாலை அவர் வயலோரம் அவருடன் பேசிக்கொண்டிருந்தேன். மிசௌரியிலிருந்து கோரா என்றொரு பெண்மணி வந்து பலகையைப் படித்தாள். பிறகு முழங்கால் உயரச் சோளத்தினிடையே மண்டியிட்டு, ஒரு கொத்துப் பூவை வைத்து அழத் தொடங்கினாள். அவளுடைய கொள்ளுப்பாட்டியின் தங்கை கைக்குழந்தையாய் இருந்தபோதே இந்தப் பாதையில் காலராவில் இறந்தாளாம். ஓநாய்கள் தோண்டாதிருக்க, அக்காலத்து வழக்கப்படி நடுப்பாதையில் புதைத்து, பின்வந்த வண்டிகளையெல்லாம் அதன்மேல் ஓட்டிச் சென்றார்களாம்.

ஹால்வர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு அருகே சென்றார்.

“ஏம்மா, நீ தப்பான வயல்ல உக்காந்து அழுவுற. எந்திரி. ரோட்டுக்கு அந்தாண்ட வா, காட்டுறேன்.”

மூவரும் சாலையைக் கடந்தோம். சாய்வெயிலில் நம் புல்வெளி கடலாய் அசைந்தது. அதனூடே வண்டிச் சக்கரங்கள் பதித்த அந்த இரண்டு நீண்ட பள்ளங்கள், சுற்றியுள்ள புல்லைவிடக் கரும்பச்சையாய், தொடுவானம்வரை ஓடின. வண்டிகளுக்கும் முன்னே இம்மண்ணின் பழங்குடிகளான பாவ்னி மக்கள் நடந்த தடம் அது. கோரா காலணிகளைக் கழற்றிவிட்டு, உறங்கும் வீட்டுக்குள் நடப்பவள்போல நடந்தாள். மேகநிழல்கள் எங்களைக் கடந்து மேற்கே போயின. வெண்துணி மூடிய வண்டிகள் ஓசையின்றிச் செல்வதாகவே எனக்குத் தோன்றிற்று. காற்றில் எங்கோ ஒரு தாலாட்டு இருந்தது, அல்லது புல்தான் உராய்ந்ததோ. ஒரு பொழுது எது இன்று, எது அன்று என்று அறியாமல் நின்றேன்.

வெகுநேரம் கழித்து அவள் திரும்பி வந்தாள். “இத யாரும் உழுதுட மாட்டாங்கல்ல?” என்று கேட்டாள்.

ஹால்வர் என்னைப் பார்த்தார். ஞாயிறன்று ஒரு கடிதம் எழுதுகிறேன் என்று மட்டும் சொன்னேன். யாருக்கு என்று அவள் கேட்கவில்லை.

தம்பி, மகளுக்கு அருகே வீடு வாங்க உனக்கு இந்தப் பணம் வேண்டும் என்பதை அறிவேன். நான் உன்னைத் தடுக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன்: புல் உயர்ந்து நிற்கும் இந்தக் கோடையிலேயே வா. என் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பள்ளத்தின் வழியே மேட்டுவரை நட. தனியே அவ்வளவு தூரம் இனி என்னால் ஆகாது. நடந்தபின்னும் விற்கவேண்டும் என்று நீ சொன்னால், அங்கேயே நின்று கையெழுத்திடுகிறேன்.

உன் போக்கையும் வரத்தையும் ஆண்டவர் காப்பாராக. உன் வாசலில் சமாதானமும், வெர்னாவின் அடுப்பில் குறையாத மாவும், உன் மகளின் பிள்ளைகளுக்கு நீண்ட ஆயுளும் தங்குவதாக. பின்கட்டு அறையில் உனக்குப் படுக்கை விரித்து வைத்திருக்கிறேன்.

ஆசிகளுடன்,
உன் அக்கா
தெக்லா