பதின்மூன்று ஆட்டக்காரர்களும் என் மகன் பெயரும்

ஆரியசாலை,
திருவனந்தபுரம்.
25-10-1953

அன்பு மகன் பகவதிப்பெருமாளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. ஜலதோஷம் தெளிந்து மறுபடி வேலை தேடிப் போகத் தொடங்கிவிட்டாய் என்பதில் அம்மாவுக்கு நிம்மதி. இங்கே நாங்கள் இருவரும் உடம்பால் சௌக்கியம். மனசைப் பற்றிக் கேட்டால் இனி எழுதப் போவதெல்லாம் அதுதான். உன் தங்கை மங்கலத்துக்கு இது ஏழாம் மாதம், தீபாவளிக்கு நாகர்கோவிலில் இருந்து வருகிறாள். ஐப்பசி மழை விடாமல் பெய்து அடுக்களை ஓடு ஒழுகுகிறது, ஓடு மாற்ற வருகிறேன் என்று சொன்ன ஆள் மூன்று வாரமாக நாளைக்கு நாளைக்கு என்கிறான். யாரிடம் ஒரு வேலை சொன்னாலும் பாதிதான் நடக்கிறது இந்தக் காலத்தில். இதை ஓட்டுக்காரனுக்காக மட்டும் எழுதவில்லை.

நான் உன்னிடம் கேட்டது ஒரே ஒரு காரியம். நம் கிரிக்கெட் கிளப்பின் வெள்ளிவிழா மலருக்கு, இருபது வருஷமாக ஸ்கோர் எழுதுகிறவன் என்பதால் என்னையும் ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். பப்ளிக் லைப்ரரியில் பழைய இங்கிலீஷ் பத்திரிகைக் கட்டு ஒன்றில், 1868-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து முதன்முதலாக இங்கிலாந்துக்குக் கப்பலேறி ஆடப் போன கோஷ்டியைப் பற்றிப் படித்தேன். பதின்மூன்று பேரும் அந்த மண்ணின் ஆதிக்குடிகள். ஐந்தாறு மாதத்தில் நாற்பத்தேழு ஆட்டம் ஆடி, பதினாலில் ஜெயித்து, பதினாலில் தோற்று, மீதியை டிரா செய்தார்கள். ஆட்டம் முடிந்த பிறகும் விடாமல் ஈட்டி எறிந்து வேடிக்கை காட்டச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குப் பொறுக்காமல் போனது அது கூட இல்லை. ஸ்கோரில் அவர்களுக்குப் போட்டிருக்கும் பெயர்களைப் பார். ஒருவன் பெயர் டூபென்னி, இரண்டு செம்புக்காசு. ஒருவன் மஸ்கிடோ, அதாவது கொசு. ஒருவன் சன்டவுன், பொழுது அடைகிற நேரம். கிங் கோல் என்று ஒருவன் லண்டனில் காசநோயில் செத்து அங்கேயே புதைக்கப்பட்டான். அவனைப் பெற்றவள் அவனை என்ன சொல்லிக் கூப்பிட்டிருப்பாள்? அந்தப் பெயர்கள் நீ இருக்கும் இங்கிலாந்தின் பழைய பத்திரிகைகளில் எங்காவது இருக்கும், தேடி எழுதி அனுப்பு என்று மே மாதம் உனக்கு எழுதினேன். அரசாங்க அச்சாபீசில் முப்பது வருஷம் புரூப் பார்த்தவனுக்கு ஒரு மனுஷன் பெயர் தப்பாக அச்சாகியிருந்தால் சோறு இறங்காது, உனக்குத் தெரியாததல்ல.

ஐந்து மாதம் கழித்து நீ பதில் போடுகிறாய். எந்த ஊரில் எந்தத் தேதியில் ஆட்டம், யார் எத்தனை ரன், எல்லாம் அழகாக எழுதியிருக்கிறாய். அதற்கடியில், சொந்தப் பெயர்களும் ஒரு பத்திரிகையின் மூலையில் கிடைத்தன, ஆனால் வாயில் நுழையாத நீளமாக இருந்ததால் எழுதி எடுக்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்த பெயரே போதுமே என்கிறாய். அடேய், கண்ணில் பட்டதை எழுதி எடுக்க உனக்கு எத்தனை நேரம் ஆகியிருக்கும்? வியாழக்கிழமைதான் கிளப் செக்ரட்டரி கல்யாணராமன் இதையே சொன்னான். "அண்ணாச்சி, இந்தப் பேரொக்க ஆருக்கு மனசிலாகும்? டூபென்னிண்ணு போட்டாப் போருமே" என்றான். அத்தனை பேர் முன்னிலையில் நான் மேஜையைத் தட்டி, பெயர் தெரியாமல் ரன் எழுதுகிறவன் ஸ்கோரர் இல்லை, என் மகன் சீமையிலிருந்து பதின்மூன்று பெயரையும் அனுப்புகிறான், பார் என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் தபால்காரர் ஐயப்பன் உன் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். இனி எந்த முகத்தோடு கிளப்புக்குப் போவேன் என்று நீயே சொல்.

போகட்டும், அது கிளப் விஷயம். கடைசிப் பக்கத்தில், கடைக்குப் போய் வந்ததைச் சொல்வதுபோல, நவம்பர் பத்தாம் தேதி வக்கீல் முன்னால் கையெழுத்துப் போட்டுப் பெயரைப் பெர்ஸி என்று சட்டப்படி மாற்றிக்கொள்ளப் போவதாக எழுதியிருக்கிறாய். பதினொரு கம்பெனிக்கு உன் சொந்தப் பெயரில் மனுப்போட்டும் ஒரு வரி பதில் இல்லை, பெர்ஸி என்று போட்ட மனுவுக்கு மூன்றாம் நாளே நேரில் வரச்சொல்லி எழுதினார்கள் என்கிறாய். எஞ்சினீயர் படிப்பு படித்தவன் வரைபடத்தில் போடும் கோடு எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் பெயரைப் பார்க்கிறவர்கள்மேல் வரவேண்டிய கோபம், அவர்கள் என் கைக்கு எட்டாததால் உன்மேல் வருகிறது. ஆனாலும் கேட்கிறேன். அந்தப் பதின்மூன்று பேருக்கும் அந்தப் பெயர்களை வெள்ளைக்காரன் வைத்தான். உனக்கு நீயே வைத்துக்கொள்கிறாயே. நீ விடப்போவது என் அப்பாவின் பெயர். என் பெயருக்கு முன்னால் நிற்கிற எழுத்தும் அவர்தான்.

இதற்குமேல் நீ ஒரு வரி எழுதினாய். கிங் கோலைப் பெற்றவள் அவனை எப்படிக் கூப்பிட்டாள் என்று கேட்கிறீர்களே, என்னைப் பெற்றவள் ஒருநாளும் என்னைப் பகவதிப்பெருமாள் என்று கூப்பிட்டதில்லையே, அவள் வாயில் வராத பெயர் போனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று. நான் செய்த தப்பு, உன் இங்கிலீஷை வழக்கம்போல அடுக்களை வாசலில் நின்று அம்மாவுக்குத் தமிழாக்கி வாசித்துக்கொண்டே வந்தவன், வந்த வேகத்தில் அந்த வரியையும் வாசித்துவிட்டேன். மாமனார் பெயரை மருமகள் சொல்லக்கூடாது என்று நம் வீடுகளில் இருப்பது உனக்குத் தெரியாதா? அதனால்தானே உன்னை மக்கா என்றும் ராசா என்றும் கூப்பிட்டாள். மாமனார் பெயர் வருமே என்று கன்னியாகுமரி பகவதியைக்கூட அம்மன் என்றும், பெருமாளைச் சாமி என்றும்தான் இதுநாள்வரை சொல்லி வருகிறாள். உன் பேரில் அர்ச்சனை செய்யவேண்டுமென்றால் நான் பெயரையும் நட்சத்திரத்தையும் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பேன், அதைக் கோயிலில் பூசை செய்கிற போற்றியிடம் நீட்டுவாள். அந்த வரியைக் கேட்டதும் அரிந்துகொண்டிருந்த கத்தரிக்காயை அப்படியே தண்ணீரில் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

நேற்றுக் காலை மழையோடு மழையாக வலியசாலைக் கோயிலுக்குப் போகவேண்டும் என்றாள். குடை பிடித்துக்கொண்டு நானும் போனேன். துண்டு எழுதட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். போற்றி வழக்கம்போலக் கையை நீட்டிக் காகிதத்துக்குக் காத்து நின்றார். உன் அம்மா உலகம்மை, முப்பத்தொரு வருஷமாக இந்த வீட்டு மருமகள், "பகவதிப்பெருமாள், பூரட்டாதி" என்று சொன்னாள். மெல்லக்கூட இல்லை, பின்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி. வீட்டுக்கு வந்து உன் தாத்தா படத்துக்கு முன்னால் ஈரப்புடவையோடு விழுந்து கும்பிட்டாள். மாமா பெயரைச் சொன்ன வாய் என்று சாயங்காலம்வரை பச்சைத்தண்ணீர் குடிக்கவில்லை. நான் வற்புறுத்தியபோது, "மருமவளா எனக்குத்தான் அந்தப் பேரு விலக்குண்ணு இருந்துட்டேன். அதுனால எனக்க பிள்ளைக்கும் அது வேண்டாத பேரா ஆயிரும்ணு எனக்குத் தோணல்லையே" என்று அழுதாள். எனக்கு உன்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிள்ளை அங்க சோத்துக்கு வழி தேடுகான், அவன ஏசி எழுதாண்டாம்" என்கிறாள். அதனால் முதலில் எழுதிய இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இது மூன்றாவது.

ஆபீசில் உன்னைப் பெர்ஸி என்று கூப்பிட்டால் கூப்பிட்டுவிட்டுப் போகட்டும், அவர்கள் வாயை நாம் தைக்க முடியாது. மனுவில் போட்டால்தான் வேலை என்றால் அங்கேயும் போட்டுக்கொள், நான் கேட்கமாட்டேன். பத்தாம் தேதி அந்த வக்கீலிடம் மட்டும் போகாதே. இதை நான் உத்தரவாக எழுதவில்லை, கெஞ்சித்தான் கேட்கிறேன். குளிருக்குக் கம்பளிச் சட்டையை உள்ளே போட்டுக்கொள், வாரம் ஒருமுறையாவது தலைக்கு எண்ணெய் வை. பகவதி அம்மனும் தாணுமாலயனும் உனக்குத் துணை இருக்கட்டும், நீ தேடும் வேலை உன்னைத் தேடி வரட்டும், நீ நூறாண்டு இரு.

மறக்காமல் அந்தப் பதின்மூன்று பெயரையும் எத்தனை நீளமானாலும் எழுத்துக்கு எழுத்து எடுத்து ஏர்மெயிலில் அனுப்பு. கவரின் பின்பக்கம் அனுப்புகிறவர் பெயர் எழுதுவாய் அல்லவா, தபால் வந்ததும் முதலில் அதைத்தான் வாசிக்கச் சொல்லுவேன் என்று அம்மா இப்போதே சொல்லிவிட்டாள். அவளுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. அங்கே நீ வேறு என்ன எழுதியிருந்தாலும் நான் பகவதிப்பெருமாள் என்றுதான் வாசிப்பேன். முப்பத்தொரு வருஷத்தில் அவளிடம் நான் ஒரு பொய் சொன்னதில்லை.

உன் அப்பா,
ப. தாணுலிங்கம்