பூரிக்குப் போட்ட கூட்டல் குறிகள்

ஜூலை 11, 2005. திங்கள்

காலையிலிருந்து தூறல். பள்ளி பஸ் இருபது நிமிடம் லேட். சோஷியல் டெஸ்டில் 17/20. வரைபடத்தில் கோதாவரியைக் கிருஷ்ணாவுக்குக் கீழே வரைந்துவிட்டேன். வெட்கம்.

சாயங்காலம் எங்கள் நாய் பூரி பக்கத்து மனையில் கட்டுகிற அபார்ட்மென்ட்டுக்குள் ஓடினாள். மூன்று காலில் திரும்பி வந்தாள். வலது பின்னங்கால் தொடையில் கம்பி குத்தியிருக்கிறது. ஓட்டை சின்னது, என் சுண்டுவிரல் நகம் அளவு. ரத்தம் கொஞ்சம்தான். அங்கே இருக்கிற வாட்ச்மேன் கேட் வரை வந்து, "பேட்டா, குத்தே கோ இதர் நக்கோ சோடோ, சப் தரஃப் சலாக் ஹை" என்றார். நாயை இந்தப் பக்கம் விடாதே, எங்கே பார்த்தாலும் கம்பி என்கிறார். "ஹவ் அங்கிள்" (சரி) என்றேன்.

அப்பா ஆபீஸ் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் ஹோமியோபதி பெட்டியை எடுத்தார். வாரம் முழுக்க அப்பாவுக்கு டிஃபென்ஸ் ஆபீஸ். ஞாயிறு மட்டும் ஹோமியோபதி. முதலில் மனிதர்களுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். அம்மா நிறுத்திவிட்டாள் ("யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் போலீஸ் ஸ்டேஷன்ல போய் உக்காரணும்"). அதனால் இப்போது நாய், பூனை, கிளி மட்டும்.

பூரிக்கு: லீடம் 30, நான்கு உருண்டை, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. லீடம் குத்துக் காயத்துக்கு. மேலே கேலண்டுலா கலந்த தண்ணீர், பஞ்சில்.

விதிகள் (அப்பா சொன்னது):
உருண்டையைக் கையால் தொடக்கூடாது. மூடியில் கொட்டி, இரண்டு ஸ்பூனுக்கு நடுவே பொடித்து, நாக்கில்.
முன்னும் பின்னும் அரை மணி நேரம் சாப்பாடு கூடாது.
வெங்காயம், காபி வாசனை ஆகாது. கற்பூரம் ஆகவே ஆகாது.

கடைசி விதிக்காக அம்மா சாமி அலமாரியிலிருந்த கற்பூர டப்பாவைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய் வைத்தாள். "சாமியே கொஞ்ச நாளைக்கு வெளியூர் போயிட்டு வரட்டும்" என்றாள்.

நான்தான் கம்பவுண்டர். பழைய சயின்ஸ் நோட்டில் மீதி இருந்த பக்கங்களில் கட்டம் போட்டேன். நேரம், மருந்து, பார்த்தது, குறி. மருந்து வேலை செய்தால் +. நோய் குறைந்தால் +. முதலில் கொஞ்சம் கூடினாலும் +, ஏனென்றால் சரியான மருந்து நோயைக் கிளப்பிவிட்டுத்தான் அடக்குமாம். "அப்போ மைனஸ் எப்போப்பா போடுறது?" என்றேன். "ஒரு மாத்தமும் இல்லைன்னா போடு."

முதல் வரி: மாலை 5.40, லீ. 30, நொண்டுகிறாள், காயத்தை நக்குகிறாள், +.

ஜூலை 12, செவ்வாய்

மேகம், மழை இல்லை. காற்றில் ஃபாக்டரிப் பக்கத்து ரப்பர் வாசனை.

பூரி காலையில் அரை இட்லி. பிஸ்கட் வேண்டாம் என்கிறாள். தொடை லேசாக வீக்கம், +.

ஸ்கூல் விட்டு வந்து, அப்பாவின் புத்தகத்தில் காயங்கள் என்ற பகுதி முழுவதும் படித்தேன். வளர்ப்புப் பிராணிகளுக்கான ஹோமியோபதி. கோட்டி பஜாரில் நடைபாதைக் கடையில் அப்பா வாங்கியது, அட்டை இல்லை. இங்கிலீஷ் கஷ்டம், டிக்‌ஷனரி வைத்துக்கொண்டேன். அதில் இப்படி இருக்கிறது (என் மொழிபெயர்ப்பு): "வாய் சிறிதாகவும் ஆழம் அதிகமாகவும் உள்ள காயத்துக்குக் கேலண்டுலா போடாதீர்கள். மேல்தோல் சீக்கிரம் மூடிக்கொள்ளும், அழுக்கு உள்ளே நின்றுவிடும். இத்தகைய காயத்தை முதலில் கால்நடை மருத்துவர் திறந்து சுத்தம் செய்ய வேண்டும்."

பென்சிலால் கோடு போட்டேன். இரண்டு தடவை படித்தேன்.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனேன். மாடி வீட்டு லட்சுமி ஆன்ட்டி உட்கார்ந்திருந்தார், மடியில் ஸ்நோயி (பொமரேனியன், யாரைப் பார்த்தாலும் குரைக்கும்). அப்பா அவரிடம் என் நோட்டைக் காட்டிக்கொண்டிருந்தார். "மா கம்பவுண்டர் சூடண்டி. டைம் கூடா ராசிந்தி." நேரம்கூட எழுதியிருக்கிறாளாம். ஆன்ட்டி, "அப்பப்பா! பெத்த டாக்டரே" (பெரிய டாக்டர்தான்) என்று கன்னத்தைக் கிள்ளினார்.

அப்பா என்னைப் பார்த்து, "என்னம்மா?" என்றார்.

"ஒண்ணும் இல்லப்பா. ஆறே முக்கால் மருந்து."

கொடுத்தேன். +.

ஜூலை 13, புதன்

மழை. யூனிஃபார்ம் காயவில்லை, ஈரச் சாக்ஸ்.

பூரி: சாப்பாடு இல்லை. தண்ணீர் மட்டும், நிறைய. தொடை சூடு, தொட்டால் உறுமுகிறாள். என்னைப் பார்த்து உறுமியதே இல்லை. அப்பா எல்லாவற்றையும் கேட்டு, "கிளம்புது பாத்தியா. மருந்து சரியாப் பிடிச்சிருக்கு" என்றார். + + +.

அம்மா: "உறுமுதது நல்லதுன்னு எந்த ஊர்லங்க சொல்லுவாங்க?"

அப்பா: "உனக்குத் தெரியாது."

அம்மா: "எனக்குத் தெரியாதுதான். நாய்க்குத் தெரியுமே."

புத்தகத்தைப் பற்றி அப்பா பேப்பர் படிக்கும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். அப்புறம் சாப்பிடும்போது. அப்புறம் தூங்கிவிட்டேன்.

ஹிந்தி டெஸ்ட் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்தார்கள். ஸ்கூலில் சுஷ்மா கேம்லின் பென்சில் பாக்ஸ் கொண்டுவந்தாள். இரண்டு தட்டு.

ஜூலை 14, வியாழன்

வெயில்! துணியெல்லாம் மொட்டை மாடியில்.

காயம் மூடிவிட்டது. நிஜமாகவே. நக அளவு ஓட்டை இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாகத் தோல். அப்பா டார்ச் அடித்துப் பார்த்தார். ஆபீஸ் பஸ்ஸை விட்டுவிட்டு ஸ்கூட்டரில் போனார், பார்த்துக்கொண்டே நின்றதால். சாயங்காலம் பேக்கரியிலிருந்து தேங்காய் வைத்த தில்குஷ் ரொட்டி வாங்கிவந்தார். லட்சுமி ஆன்ட்டிக்கு ஒரு துண்டு. "மூணே நாள். ஊசி இல்ல, கட்டு இல்ல" என்று மூன்று பேரிடம் சொன்னார்.

எனக்கும் சந்தோஷம். புத்தகம் தப்பாக இருக்கலாம். அட்டையே இல்லாத புத்தகம்.

பூரி தில்குஷை முகர்ந்து பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். காயம் மூடியது, +. தொடை நேற்றைவிடப் பெரிது, +. ஒரு வாசனை. எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை. "பார்த்தது" என்றுதான் கட்டம் இருக்கிறது. எழுதவில்லை.

ஜூலை 15, வெள்ளி

பூரி எழுந்திருக்கவில்லை. உடம்பு நடுக்கம். ஈறு வெளுப்பு (அம்மா பார்த்தது).

அம்மா: "இந்தாங்க, பேகம்பேட்ல ஒரு டாக்டர் இருக்காராம். கொண்டு போவோம்னு சொல்லுதேன்."

அப்பா: "அங்க போனா உடனே ஆன்டிபயாடிக் குத்துவான். நாலு நாளா கொடுத்தது அத்தனையும் வீணாப் போயிரும். ரெண்டையும் கலக்கக் கூடாது. இன்னும் ஒரே நாள். ஹெபார் சல்ஃப் மாத்திப் பாக்கேன்."

அம்மா மாவு அரைக்கப் போய்விட்டாள். கிரைண்டர் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

ஹெ.சல். 30, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. பூரிக்கு வாயைத் திறக்கவே முடியவில்லை. பொடி நாக்கின் பக்கத்தில் வெள்ளையாக அப்படியே இருந்தது. எல்லா வரியும் எழுதினேன். எல்லாவற்றுக்கும் +. கையெழுத்து நன்றாக வந்திருக்கிறது.

ஜூலை 16, சனி

காலை ஆறு மணிக்கு அப்பாவே ஆட்டோ கூட்டிவந்தார். பூரி பழைய பெட்ஷீட்டில், பாதி என் மடியில், பாதி அப்பா மடியில். அம்மா வாசலில் நின்றாள். தார்நாகாவில் சிக்னல், செகந்திராபாத்தில் சிக்னல். வழியில் கால் சென்டர் வண்டிகள். ராத்திரி வேலை முடித்தவர்கள் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்கள். ஏழு வண்டி எண்ணினேன்.

டாக்டர் வயசு கம்மி. வாயில் பபிள்கம். தொடையைத் தொட்டதும் மெல்லுவதை நிறுத்தினார். கத்தியால் கீறினார். வந்ததை எழுதப்போவதில்லை. ஒரு தட்டு நிறைய. எனக்குத் தெரிந்த அதே வாசனை.

"கப் ஸே ஹை யே?" எப்போதிலிருந்து என்று அப்பாவிடம் கேட்டார். நான் நோட்டை நீட்டினேன். அதை எதற்கு எடுத்துப் போனேன் என்று தெரியவில்லை. பழக்கம்.

டாக்டர் படித்தார். தமிழில் எழுதிய கட்டத்தை விட்டுவிட்டு, தேதி, நேரம், மருந்துப் பெயர், குறி எல்லாம் பார்த்தார். "யே கிஸ்னே லிக்கா? தூனே? பஹுத் பட்யா." நீயா எழுதினாய், ரொம்ப நன்றாக இருக்கிறது என்கிறார். ஒரு நொடி எனக்குப் பெருமையாக இருந்தது. அதை இங்கே எழுதாவிட்டால் பொய் ஆகிவிடும்.

அப்புறம் விரலைக் கட்டங்களின் மேல் ஓட்டினார். "மண்டே, ட்யூஸ்டே, வெட்னஸ்டே... இத்னா ப்ளஸ் ப்ளஸ் க்யா ஹை? அச்சா ஹோ ரஹா தா?" குணமாகிக்கொண்டு வந்ததா என்று கேட்கிறார்.

அப்பா, "நஹீ" என்றார்.

"அழுக்கை உள்ளே வைத்துத் தைத்த மாதிரி ஆகிவிட்டது, ரத்தத்தில் கலந்துவிட்டது, முதல் நாளே வந்திருந்தால் பத்து நிமிட வேலை." இதை டாக்டர் ஹிந்தியில் சொன்னார், கோபம் இல்லாமல். ட்ரிப் ஏற்றி அங்கேயே வைத்துக்கொண்டார். பூரி வாலை ஆட்டவில்லை, கண் மட்டும் எங்கள் பின்னால் கதவு வரை வந்தது.

திரும்பும்போது அப்பா பெட்ஷீட்டை மடித்தார். நான்காக, எட்டாக, பதினாறாக.

ஜூலை 17, ஞாயிறு

9.10க்கு போன். அப்பா "ஜீ" என்றார். "ஜீ." "டீக் ஹை." வைத்துவிட்டார்.

பூரி விடியும்போதே போய்விட்டாள்.

அழுகை வரவில்லை. வரும் என்று பாத்ரூமில் போய் நின்றேன். வாளி நிரம்பி வழிந்தது. அம்மா, "ஏட்டி, தண்ணி" என்றாள். குழாயை மூடினேன்.

மதியம் சாம்பார், உருளைக்கிழங்கு. சாப்பிட்டேன்.

அப்பா புத்தகத்தை எடுத்தார். நான் பக்கத்தில் மேத்ஸ் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கம் திருப்பும் சத்தம், அப்புறம் சத்தம் இல்லை. பென்சில் கோடு போட்ட பக்கம் என்று பார்க்காமலே தெரிந்தது.

"இது நீயா?"

"ஆமாப்பா."

"எப்போ?"

"செவ்வாய்."

"ஏன்மா சொல்லல?"

"ஆன்ட்டிகிட்ட நோட்டைக் காட்டிட்டு இருந்தீங்க."

அப்பா தலையாட்டினார். கடையில் பொருள் இல்லை என்று சொன்னால் ஆட்டுவாரே, அப்படி. புத்தகத்தை மூடினார். நான் கணக்கைத் தப்பாகப் போட்டிருந்தேன். அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன், விடை 48.

ஜூலை 18, திங்கள்

ஸ்கூல். மழை. யாரிடமும் சொல்லவில்லை. சுஷ்மா, "உங்க பூரி எப்படி?" என்றாள். "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டேன். வாயில் அதுதான் வந்தது.

வாட்ச்மேன் அங்கிள் இன்று கேட்டின் அடியில் இருந்த இடைவெளியை ப்ளைவுட் வைத்து அடைத்துவிட்டார். இனிமேல் நாய் போக முடியாது.

ஜூலை 19, செவ்வாய்

ஒன்றும் இல்லை. அம்மா கற்பூர டப்பாவைத் திரும்ப சாமி அலமாரியில் வைத்தாள்.

ஜூலை 20, புதன்

லேசான வெயில். சாயங்காலம் லட்சுமி ஆன்ட்டி ஸ்நோயியோடு வந்தார். ஸ்நோயிக்கு இரண்டு நாளாக வாந்தி. "டாக்டர்காரு, ஏதைனா மந்து இவ்வண்டி" என்று மருந்து கேட்டார்.

நான் உள்ளே போய்விடலாம் என்று எழுந்தேன். அப்பா பெட்டி இருக்கும் பக்கம் பார்க்கவே இல்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் பேகம்பேட் வழி எழுதினார். எந்த பஸ், எங்கே இறங்குவது, எந்தப் பக்கம் படி. அம்பு எல்லாம் போட்டு. "இப்புடே வெள்ளண்டி" (இப்போதே போங்கள்) என்றார்.

"ஏமண்டி, இந்த சின்ன விஷயானிக்கி?" என்று ஆன்ட்டி சிரித்தார்.

"இப்புடே" என்றார் அப்பா மறுபடியும். ஆன்ட்டி சிரிப்பை நிறுத்திவிட்டு ஆட்டோ பார்க்கப் போனார்.

அப்புறம் ஹிந்தி டெஸ்டுக்கு ரஃப் நோட் தேடினேன். சயின்ஸ் நோட் கையில் வந்தது. பிரித்தேன். கட்டங்களில் ஏதோ சொரசொரப்பு, காய்ந்த ஒயிட்னர், அப்பா ஆபீஸ் வேலைக்கு வைத்திருப்பது. ஒவ்வொரு கூட்டலிலும் நிற்கிற கோட்டை மட்டும் அழித்திருந்தது, ஸ்கேல் வைத்த மாதிரி நேராக. படுத்த கோடு அப்படியே. எல்லாம் மைனஸ். என் எழுத்து எதையும் தொடவில்லை, குறிகளை மட்டும்தான்.

நான் சொல்லாமல் விட்ட செவ்வாய் 6.45 வரியிலிருந்து இருக்கும் என்று நினைத்துப் பின்னால் திருப்பினேன்.

இல்லை. நான் அந்தப் பக்கத்தைப் படிப்பதற்கும் முந்தின நாளிலிருந்து. திங்கள், மாலை 5.40, முதல் வரி. அங்கேதான் ஒயிட்னர் ரொம்பக் கெட்டியாக இருக்கிறது.

அப்பா ஹாலில் செய்தி பார்க்கிறார். சத்தம் குறைவாக. ஹிந்தி டெஸ்ட் நாளைக்கு. இரண்டு பாடம் பாக்கி.