ஏழாம் குழியில் பதினான்கு சில்லுகள்

ஜூன் 19

இன்று பதினோரு கல். ஒன்றுகூட அம்பு முனையாகவில்லை. பதினொன்றாவது இலை வடிவத்துக்கு வந்து, கடைசித் தட்டில் நடுவே பிளந்தது.

சாகிரா தாதே (அகழாய்வின் தலைவர், முகாமில் எல்லோருக்கும் தாதேதான், எங்கள் மொழியில் அக்கா) மதியம் சொன்னார்: "ஜூலை முப்பத்தொண்ணுக்குள்ள அம்புல பூட்டி எய்யற மாதிரி பன்னிரண்டு முனை வேணும். செய்றவங்களுக்கு அருங்காட்சியகத்துல வேலை." எல்லோரும் சூப்பையே பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன். ஏன் தூக்கினேன்?

ஜூன் 20

அம்மா போனில்: "படிச்சு முடிச்சிட்டு கல்லு உடைக்கிறியா? ஊர்ல கேட்டா என்னடி சொல்றது? மாமா சொல்லி வச்ச ஆபீஸ் வேலை ஆகஸ்ட் வரைக்கும்தான் காலியா இருக்கும்." பாலுக்கு வளர்க்கும் குதிரைகளைக் கறக்க நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாள்.

ஜூன் 24

விளிம்பைத் தேய்க்காமல் அடித்தால் நொறுங்குகிறது. மணற்கல்லால் தேய்த்து மழுக்கிவிட்டு அடித்தால்தான் அடி உள்ளே போகிறது. இது புரிய ஐந்து நாள். உள்ளங்கையில் தோல் துண்டு கட்டியிருந்தும் மூன்று வெட்டு.

"எதிரி மேல எய்யவே வேணாம். உன் கையைக் காட்டு, பயந்து ஓடிருவான்." சொன்னது ஏழாம் குழியைத் தோண்டும் கைசார். என் வகுப்பில் படித்தவன்.

ஜூன் 27

காற்று. இந்தப் புல்வெளியில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. கைசார் ஊருக்குச் சாமான் வாங்கப் போயிருந்தான். அவன் குழிக்குள் இறங்கிச் சுவரோரம் உட்கார்ந்தேன். செம்பு நுனி வைத்த கருவியால் அழுத்தி அழுத்தி விளிம்பைச் சீவும் வேலை. கை நடுங்கினால் போச்சு.

முதல் முழு முனை. கோணல்தான். சீவியதில் தெறித்த சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டு ஏறினேன்.

ஜூலை 2

நான்கு முனை. இரண்டு நாளாக மழை.

ஜூலை 8

கைசார் கூப்பிட்டது சமையல் கூடாரம் வரை கேட்டது. ஏழாம் குழியில், ஒரே இடத்தில், பதினான்கு சில்லுகள். ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன் யாரோ உட்கார்ந்து கல் சீவிய இடமாம். தாதே மண்டியிட்டு வரைந்தார். அவர் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை தலைநகரத்திலிருந்து ஆய்வாளர்களை வரச் சொல்லிவிட்டார்.

சில்லுகள் வைத்த தட்டை எட்டிப் பார்த்தேன். நுனிகள் படிக்கட்டு போல முறிந்திருந்தன. அழுத்தம் பாதியில் தளர்ந்தால் வரும் முறிவு. எனக்குத் தினமும் வரும் முறிவு.

என்னுதுதான். நான் பொறுக்காம விட்டது, மழையில மண்ணுக்குள்ள போயிருக்கு.

என் கல்லுக்கே திரும்பிட்டேன்.

ஜூலை 9

தோண்டுற இடத்துல கல் உடைக்கக் கூடாது – முதல் நாளே சொன்ன விதி. சொன்னா வேலை போச்சு.

சொல்லாவிட்டால்? புத்தகத்தில் ஏறும். என் கோணல் கை, என்றோ செத்துப்போன ஒருவர் தலையில் விழும். வருகிற பிள்ளைகள் அதைப் படித்துப் பரீட்சை எழுதுவார்கள்.

ஜூலை 10

சொல்லிவிட்டேன். காலைத் தேநீரில், எல்லோர் முன்னாலும். தனியாகப் போயிருந்தால் வாசலிலேயே திரும்பியிருப்பேன்.

"தாதே, அந்தச் சில்லு என்னோடது. காத்துக்கு ஒதுங்கிக் குழிக்குள்ள உட்கார்ந்தேன்."

கைசார் கோப்பையைக் கீழே வைத்தான். "உனக்கு வேற குழியே கிடைக்கலையா?"

தாதே என் பக்கம் திரும்பினார். பிறகு: "பதினாலும் உன்னோடதா?"

"தெரியல."

"தெரிஞ்சுக்கிட்டு வா. அதுவரைக்கும் கல்லைத் தொடாதே."

வெள்ளிக்கிழமை யாரும் வர வேண்டாம் என்று அவரே போன் செய்தார். நான் அங்கேயே நின்றேன்.

ஜூலை 12

இரண்டு நாள் லென்ஸும் நானும். பதினொன்று என்னுடையவை. மூன்று என்னுடையவை இல்லை. அவற்றின் விளிம்பு நிதானமாகத் தேய்க்கப்பட்டிருக்கிறது. நுனி இறகு போல மெலிந்து முடிகிறது. அந்தக் கை எனக்கு இன்னும் வரவில்லை.

தாதே நுண்ணோக்கியில் வைத்தார். பதினொன்றில் செம்புக் கறை இருந்தது, மூன்றில் இல்லை. செம்பையே அறியாத காலத்து மண் அது.

"லென்ஸ்ல கறை தெரியாதே. எப்படிப் பிரிச்சே?"

"நான் பண்ற தப்பு அதுல இல்ல."

சில்லுகளைப் பையில் போட்டுக் கட்டினார். "நாளையிலிருந்து முகாமுக்கு வெளியே. துணி விரிச்சு உட்கார்ந்து சீவு." அருங்காட்சியக வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 14

கைசார் நாலு நாளாகப் பேசவில்லை. இன்று ரொட்டியை என் பக்கம் தள்ளினான். "மூணு சில்லாவது மிஞ்சிச்சே. சாப்பிடு."

ஜூலை 20

ஏழு. சாயங்காலம் ஒன்று உடைந்தது. ஆறு.

ஜூலை 26

"மாமா கேக்குறாருடி."

"வேணாம்னு சொல்லிடும்மா."

"அங்க வேலை கிடைச்சிருச்சா?"

"இல்ல."

அம்மா திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. போனை வைத்துவிட்டு அடுத்த கல்லை எடுத்தேன்.

ஜூலை 31

ஒன்பது. விடியற்காலையிலிருந்து செய்தும் ஒன்பதுதான். கொண்டுபோய் வைத்தேன். தாதே ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு வெள்ளை மைப் பேனாவை நீட்டினார்.

"அடியில பேரு, வருஷம். நூறு வருஷம் கழிச்சும் எவனும் ஏமாறக் கூடாது."

"ஒன்பதுதான் தாதே."

"எனக்கு எண்ணத் தெரியும். பாக்கி மூணை செப்டம்பர்ல அருங்காட்சியகத்துல உட்கார்ந்து செய். முனை வைக்கிற பெட்டியில இடம் விட்டு வை."

உட்கார்ந்து என் பெயரை எழுதினேன். ராய்ஹான். ராய்ஹான். இரண்டாவதை வாங்கிக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு. பெருசா எழுதும்மா."

எழுதினேன்.