எண்பத்தைந்துக்கு ஒரு ஹூட்

அக்டோபர் 9, 2024

கொல்கத்தாக்காரரிடம் வாங்கிய 85 எம்.எம். லென்ஸ் இன்று வந்து சேர்ந்தது. எஃப் 1.4. கண்ணாடியில் பூஞ்சை இல்லை, கீறல் இல்லை. முன்னால் வெளிச்சம் மறைக்க மாட்டுகிற ஹூட்டும் இல்லை. போன் செய்தால், "ஹூட் கா பாத் நஹி ஹுவா தா" என்கிறார். பேசவில்லைதான். கேட்காமல் விட்டது நான்.

இவ்வளவு பெரிய முன்கண்ணாடியை நிழல் கட்டாமல் வெளிச்சத்துக்கு எதிரே திருப்பினால், படத்தில் பால் ஊற்றினாற்போல் வெளுத்துப்போகும். முகம் எடுக்கத்தானே இதை வாங்கினேன்?

அக்டோபர் 14

அபர்டீன் பஜாரில் ஒரே ஒரு ஹூட் இருந்தது. இதழ் இதழாக வெட்டினது, அகலக்கோண லென்ஸுக்கானது. "லுக் அச்சா ஹை, பாய்" என்றார் கடைக்காரர். லுக்கை வைத்து நான் என்ன செய்வது? 85-க்கு வேண்டியது நீளமான வட்டக் குழல். ரப்பரில் கிடைக்கும், மடித்துப் பையில் போடலாம். ஆனால் பார்ப்பதற்குக் குழாய் ரிப்பேர்க்காரன் சாமான் மாதிரி இருக்கும். உலோகம் என்றால் திருகு மரை. நம் தீவு உப்புக்காற்றில் மரை பிடித்துக்கொண்டால் பிறகு கழற்றினபாடில்லை. கம்பெனி ஹூட்தான் சரி. அதுவோ, பின்கோடு போட்டதுமே 'இங்கே டெலிவரி இல்லை' என்று காட்டுகிறது.

சுபிதா சொல்கிறாள்: "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பகூட நீங்க இவ்வளவு யோசிக்கல."

யோசிக்கவில்லைதான். அன்றைக்கே சரி என்றுவிட்டேன்.

அக்டோபர் 20

பூசை முடிந்து ரீத்தா அக்கா வீட்டில் சாப்பாடு. நவம்பர் 24 அவர்களுக்குக் கல்யாண வெள்ளி விழா. கோவிலில் நன்றித் திருப்பலி, வாசலில் பேனர். அந்தோணிமுத்து அத்தானுக்கு ஒரு நல்ல படம் கிடையாது. இருக்கும் படங்களிலெல்லாம் மீன் முன்னால் நிற்கும், அவர் பின்னால் இருப்பார். தொப்பி வேறு.

"மாப்ள, உன் புது லென்ஸுல என்னை ஒண்ணு எடு. மீன் இல்லாம."

ஹூட் வரட்டும் அத்தான் என்றேன்.

அக்டோபர் 26

அத்தான் விடுகிற ஆள் இல்லை. சாயங்காலம் ஜங்லிகாட் படகு ஜெட்டிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். இங்கே ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். அவருக்குப் பின்னால், ஒரு பக்கமாக, நேரே லென்ஸுக்குள் அடித்தது. இடப்புருவத்தைத் தடவிவிட்டுக்கொண்டு நின்றார். எப்போதோ தூண்டில் கொக்கி கிழித்த வெட்டுத் தழும்பு, அதில் அவருக்கு ஒரு பெருமை. ஒரே ஒரு படம் எடுத்தேன். இடப்பாதி முகம் அப்படியே வெளுப்பு.

"கையை மேல நீட்டி மறைச்சுக்கோயேன், நாங்க கடல்ல பாக்கிற மாதிரி" என்றார்.

"கல்யாண வீட்டுல கையை நீட்டிக்கிட்டு நிக்க முடியுமா அத்தான்? ஹூட் வரட்டும், திரும்ப எடுக்கலாம்."

"உனக்கு மூடி வர்றதுக்குள்ள எனக்குப் பல்லு விழுந்துரும்."

வந்ததும், சென்னை போயிருக்கும் கான்ட்ராக்டர் பன்னீர்செல்வத்துக்குப் போன் செய்து கம்பெனி ஹூட்டே வாங்கிவரச் சொல்லிவிட்டேன். பதினேழு நாள் யோசனை ஒரு வழியாக முடிந்தது.

நவம்பர் 2

மழை, காற்று. அத்தான் லாரன்ஸின் போட்டில் தெற்கே ரட்லண்ட் தீவுப் பக்கம் போயிருக்கிறார்.

நவம்பர் 4

லாரன்ஸ் மட்டும் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. விடியற்காலை ஒரு அலை போட்டைச் சாய்த்ததாம். நிமிர்ந்தபோது அத்தான் இல்லை. மத்தியானம் வரை சுற்றிச் சுற்றித் தேடினார்களாம்.

அக்கா அழவில்லை. "அவருக்கு நீந்தத் தெரியும்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறாள்.

நவம்பர் 5

போலீஸ் ஸ்டேஷனில் முகம் தெளிவாகத் தெரிகிற படம் கேட்டார்கள். எல்லாத் தீவுக்கும் அனுப்புவார்களாம். என்னிடம் இருப்பது அந்த ஜெட்டி படம்தான். பாதி முகம்தான் இருக்கிறது. இதையா கொடுப்பது? போட்டோக்காரன் வீட்டு மாப்பிள்ளைக்கு இப்படி ஒரு படமா?

ஸ்டூடியோவில் உட்கார்ந்து சரி செய்தேன். வெளுப்பை இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. நன்றாக இருந்த வலப்பாதியைத் திருப்பி இடப்பக்கம் ஒட்டினேன். இணைப்பை மெழுகினேன். இறந்தவர்களுக்குப் படத்தில் கோட்டு மாட்டி, மூடிய கண்ணைத் திறந்துவிட்டுப் பழகின கைதான், அரை மணி நேரத்தில் முடித்துவிட்டது. படம் ரொம்ப நன்றாக வந்தது.

படிவத்தை நான்தான் நிரப்பினேன். அங்க அடையாளம் என்ற இடத்தில், 'படத்தில் உள்ளபடி' என்று எழுதினேன்.

நவம்பர் 9

தகவல் இல்லை. அக்கா ஜெட்டிக்குப் போகிறாள், வருகிறாள். வெள்ளி விழாவுக்கு எடுத்த சேலை பிரிக்காமல் கட்டில் மேலேயே கிடக்கிறது.

நவம்பர் 13

பன்னீர்செல்வம் ஹூட் கொண்டுவந்து கொடுத்தார். பிரிக்கவில்லை.

கையை நீட்டியிருந்தால் போதும். உள்ளங்கை அளவு நிழல். அதைத்தான் அவரும் சொன்னார்.

நவம்பர் 21

லாரன்ஸ் ரங்கத் போயிருந்தான், எஞ்சின் சாமான் விஷயமாக. போன இடத்தில் ஸ்டேஷனிலும் விசாரித்திருக்கிறான். போனில் ஒரு படம் காட்டியிருக்கிறார்கள். ஆறாம் தேதி காலையில் அங்கே கரை ஒதுங்கிய ஆள். தெற்கே விழுந்தவர் அவ்வளவு வடக்கே போவார் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. முகம் கெடவில்லையாம். பார்த்ததுமே லாரன்ஸுக்குத் தெரிந்துவிட்டது.

நாலு நாள் வைத்திருந்து, பத்தாம் தேதி புதைத்துவிட்டார்கள். பெயர் இல்லாமல்.

எங்கள் நோட்டீஸ் அங்கே போகாமல் இல்லை. படத்தையும் ஆளையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்த்திருக்கிறார்கள். அந்த போலீஸ்காரர் லாரன்ஸிடம் சொன்னாராம்: "இஸ்கா பௌ பே கட் தா. ஃபோட்டோ மே கட் நஹி ஹை." புருவத்தில் வெட்டு இருந்தது, போட்டோவில் இல்லை. அவர் மேல் என்ன தப்பு? ஒழுங்காகத்தான் பார்த்திருக்கிறார்.

நான் ஒட்டின பாதியில் வெட்டு எங்கேயிருந்து வரும்? ஒட்டும்போது ஞாபகம் வரவே இல்லையே... வந்ததா? கல்யாண ஆல்பத்தில் மறு, தழும்பு எல்லாம் அழித்து அழித்து... ஐயோ, நான் என்ன காரியம் பண்ணிவச்சிருக்கேன். எப்படி அக்காகிட்ட சொல்லப்போறேன்.

நவம்பர் 22

காலை பஸ்ஸில் ரங்கத். அக்கா, நான், சுபிதா, லாரன்ஸ். ஊருக்கு வெளியே ஒரு மேடு, அதில் நம்பர் எழுதின பலகை. அக்கா மண்ணில் கை வைத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு, "எப்படித் தெரியாமப் போச்சு இவங்களுக்கு?" என்று கேட்டாள். லாரன்ஸ் என்னைப் பார்த்தான்.

"அக்கா, நான்தான். படத்துல பாதி முகத்தை மாத்திட்டேன். வெட்டு போயிருச்சு."

"எதுக்குடா?"

"வெளுத்துப்போயிருந்துச்சு. பாக்க நல்லா இருக்கணும்னு."

"நல்லா இருக்கணும்னு" என்றாள் அவளும். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டாள். "நாலு நாள் கிடந்திருக்காரு தம்பி. நம்ம வீட்டு ஆளுன்னு ஒருத்தர் போய் முகத்தைப் பாக்கல."

போகும்போது என் பக்கத்தில் இருந்தவள், திரும்பும்போது சுபிதாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

நவம்பர் 24

கோவிலுக்குப் போகவில்லை.

டிசம்பர் 1

முப்பதாம் நாள் நினைவுத் திருப்பலி நாலாம் தேதி. அட்டை இன்று கோவிலில் எல்லாருக்கும் கொடுத்தார்களாம், சுபிதா ஒன்று கொண்டுவந்தாள். இந்தக் குடும்பத்தில் பத்தொன்பது வருஷமாக எந்தச் சாவுக்கும் அட்டை போட்டது நான்தான். இந்த முறை வேறு யாரோ அச்சடித்திருக்கிறார்கள். படம் வைக்கும் இடத்தில் ஒன்றும் இல்லை, வெறும் கட்டம். அதற்குக் கீழே பெயர், இரண்டு தேதிகள்.

சுபிதா அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "போவோமா?" என்று கேட்டாள்.

போகணும் என்றேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளலாம்.