நூலைக் கொண்டுவருபவருக்கு

பிப்ரவரி 9

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். யாரையும் பிடித்து எழுதவைக்கவில்லை. என் கை, என் பேனா. சந்தேகம் இருந்தால் எழுத்தைப் பார், சேற்றில் கோழி நடந்ததுபோல் இருக்கும். வேறு யாராவது எழுதிக்கொடுத்தால் இவ்வளவு மோசமாகவா எழுதுவார்கள்?

இங்கே உன் நாத்தனார் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நூலகம். அதன் மாடியில் சாயங்காலம் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு நடக்கிறது. நான் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று அவள்தான் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்தாள். டீச்சர் சின்னப் பெண். "தாத்தா, கோட்டு மேல எழுதச் சொன்னா நீங்க மாடி கட்டுறீங்களே" என்பாள். இப்போது பஸ் போர்டு படிக்கிறேன். மருந்துப் பாட்டில் படிக்கிறேன். "இங்கே குப்பை போடாதீர்" படிக்கிறேன். இத்தனை வருஷமாக ஊர் முழுக்க என்னிடம் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, அம்மாடி. எனக்குத்தான் காது கேட்கவில்லை.

சந்தோஷமாக இருக்கிறது. சந்தோஷம் என்று எழுத வருகிறது, அதுவே பெரிய சந்தோஷம். ஆனால் உள்ளே, பல் பிடுங்கிய பிறகு கன்னம் மரத்துக் கிடக்குமே, அப்படி இருக்கிறது. உன் வீட்டுக்காரன் போன நாளிலிருந்து இப்படித்தான். பெற்ற பிள்ளை போயிருக்கிறான். தொட்டால் தொட்டது தெரிகிறது, வலி தெரியவில்லை. உனக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். போனில் பேசினால் நீ ஒரு "ம்" சொல்கிறாய், நான் ஒரு "ம்" சொல்கிறேன், வைத்துவிடுகிறோம். அதனால்தான் கடிதம். கடிதத்தில் "ம்" என்று மட்டும் எழுதி அனுப்ப முடியாது, ஸ்டாம்பு வீண்.

கடைக்கு ஒரு யோசனை. எனக்கு எழுத்து தெரியாது என்பதால்தான் நம் சலவைக் கடையில் நூல் பழக்கம் வந்தது. துணியில் ஒரு நூல், அதே நிறம் அதே முடிச்சில் இன்னொரு நூல் துணி போட்டவர் கையில். நூலைக் கொண்டுவந்து காட்டினால்தான் துணி. இனி அது எதற்கு? பேர் எழுதிச் சீட்டுக் கொடுக்கலாம். நானே இங்கிருந்து எழுதி அனுப்புகிறேன். எனக்கும் பொழுது போகும்.

இன்னொன்று. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கின அவன் நீலச் சட்டை என் பெட்டியில் இருக்கிறது. உன்னைக் கேட்காமல் எடுத்துவந்துவிட்டேன். தேடாதே.

விரல் வலிக்கிறது. நிறுத்துகிறேன்.

மாமா

பிப்ரவரி 20

மாமாவுக்கு,

கடிதம் வந்தது. படித்தேன். இஸ்திரி போடுகிற அக்காவும் வாங்கிப் படித்தாள். அவளுக்கு ரேடியோ என்று பேர் வைத்தது நீங்கள்தானே, வேலையைக் காட்டிவிட்டாள். தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. "பெரியவரு எழுதியிருக்காரு பாருங்க, எங்க வீட்டுல காலேஜ் போறது எழுதுறதுக்கு இது தேவலாம்" என்கிறாள்.

ஆணியில் சட்டை இல்லாததை நீங்கள் கிளம்பிய அன்றைக்கே பார்த்தேன். வைத்திருங்கள்.

நூல் இருக்கட்டும் மாமா. சீட்டு நனைகிறது, கிழிகிறது, கடைசியில் குப்பை. நூல் திரும்பி வருகிறது. மறுபடி கட்டுகிறேன்.

கடைச் செய்தி ஒன்று இருக்கிறது. பெரிய சாலை ஹோட்டலின் மேனேஜர் வந்தார். விரிப்பு, துண்டு, தலையணை உறை எல்லாவற்றையும் நமக்கே தருவதாகச் சொல்கிறார். பிளீச்சிங் போட்டு வெளுக்க வேண்டுமாம். நாம் போடுவதில்லை என்றேன். "அக்கா, ஹோட்டல் வெள்ளைன்னா கண்ணு கூசணும்" என்றார். ரேடியோ இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிட்டு, "கண்ணு கூசணும்னா சூரியனைப் பாக்கச் சொல்லுங்க, எதுக்குப் படுக்கையைப் பாக்கறாங்க" என்றாள். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று ரேடியோ சொல்கிறாள்.

நம் தண்ணீர் போகும் வழி உங்களுக்குத் தெரியும். பின்னால் ஜல்லித் தொட்டியில் இறங்கி, நாணல் பாத்தியில் வடிந்து, பின்தெரு வீடுகளின் செடிகளுக்குப் போகிறது. பிளீச்சிங் இறங்கினால் நாணல் தாங்காது. செடியும் தாங்காது.

மாட்டேன் என்றால் பெரிய மெஷினும் துணி கொண்டுபோகிற நம் வண்டியும் சும்மா நிற்கும். அவற்றைக் கட்டிக்கொண்டு கடையை ஓட்ட முடியாது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கத்தான் வரவில்லை. துணியை மடிக்கிறேன், அடுக்குகிறேன். கை தானாகச் செய்கிறது. கடை மூடிய பிறகு எதை மடித்தேன் என்று கேட்டால் தெரியாது.

சாப்பிடுகிறேன். கவலைப்படாதீர்கள்.

மருமகள்

மார்ச் 4

அம்மாடி,

ரேடியோ சொன்னதை வகுப்பில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். டீச்சர் உன் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "உங்க மருமக எழுத்து எவ்வளவு நேரா இருக்கு தாத்தா" என்றாள். நானும் பார்த்தேன். நேராகத்தான் இருக்கிறது. இஸ்திரி போட்டதுபோல, ஒரு சுருக்கம் இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நாணல் பாத்தி விஷயத்தில் நான் சொல்வதைக் கேள். அது அவன் கட்டியது. ஜல்லிக் கூடையைத் தோளில் சுமந்து தோல் உரிந்துபோய்ச் சட்டை போட முடியாமல் திரிந்தானே, மறந்தா போகும்? "அப்பா, அழுக்கை நம்ம வாசல்லேர்ந்து தள்ளிட்டா போதுமா, அடுத்தவன் வாசலுக்குத்தானே போகுது" என்று எனக்கே பாடம் எடுத்தான். அவன் வைத்த கொள்கை என்பதால் சரி சொல்ல உனக்கு வாய் வரவில்லை. அதற்கு நீ காவல் நிற்கிறாய். போனவனுக்காக இருக்கிறவள் காய வேண்டாம் அம்மாடி. நாணல் போனால் போகட்டும். அது புல். அது அவன் இல்லை.

நீயாகச் சரி சொல்லச் சங்கடப்படுவாய். அதனால் நானே சொல்லிவிட்டேன். ஹோட்டல் மேனேஜருக்குக் கடிதம் எழுதி நேற்றே தபாலில் சேர்த்தாகிவிட்டது. கடைக்குச் சம்மதம், துணியை அனுப்பலாம் என்று. முகவரி உன் நாத்தனார் போனில் பார்த்துச் சொன்னாள். வெளி ஆளுக்கு நான் எழுதிய முதல் கடிதம்! கீழே கைநாட்டு இல்லை, கையெழுத்து! கடை ஆரம்பித்தபோது லைசென்ஸில் கட்டைவிரலை அழுத்திவிட்டு, மை போகவில்லை என்று சோப்புக் கரைசலில் தேய்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். இன்றைக்கு அதே விரல் பேனாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. லைசென்ஸ் இன்னும் என் பேரில்தானே, கையெழுத்து செல்லும்.

இனி நீ யோசிக்க வேண்டாம். பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்.

பெருமையுடன்,
மாமா

மார்ச் 13

மாமாவுக்கு,

ஹோட்டல் வண்டி செவ்வாய்க்கிழமை வந்தது. நான் கடை திறப்பதற்குள் மூட்டைகளை வாசலில் இறக்கிவிட்டார்கள். பிளீச்சிங் கேன்களும் இருந்தன. நமக்குச் சிரமம் வேண்டாம் என்று அவர்களே வாங்கிவந்திருந்தார்கள். மேனேஜர் உங்கள் கடிதத்தைக் காட்டினார். கையெழுத்து நன்றாக இருந்தது.

ரேடியோ ஒரு கேனின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "இதைத் திறக்கணும்னா முதல்ல என்னைத் தூக்குங்க."

"யக்கா, விளையாடாதீங்க. பெரியவரே எழுதிக் குடுத்திருக்காரு."

"பெரியவரு இப்பதான் எழுதக் கத்துக்கிட்டாரு. எதை எழுதக் கூடாதுன்னு இனிமேதான் கத்துக்குவாரு."

மூட்டைகளை நானே தூக்கித் திரும்ப ஏற்றினேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. தோள் மட்டும் வலித்தது.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். பாத்தியைக் கட்டினது அவர். கட்டச் சொன்னது நான். நான் வந்த புதிதில் நம் கடையிலும் பிளீச்சிங்தான். என் விரல் வெடித்து ரத்தம் வரும். அதுகூடப் பரவாயில்லை. பின்தெருவில் ஒரு அம்மா வைத்திருந்த தக்காளிச் செடிகள் நம் தண்ணீர் பாய்ந்து கருகிப்போயின. அவர் நம்மோடு சண்டைக்கு வரவில்லை. செடிகளைப் பிடுங்கிப்போட்டுவிட்டு, மறுநாள் நம்மிடமே துணி போட வந்தார். அவரிடம் நூலைக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. இனி என் கையால் இது நடக்காது என்று வீட்டில் சொன்னேன். உங்கள் பிள்ளை முதலில் சிரித்தார், பிறகு ஜல்லி சுமந்தார். உங்களிடம் தன் யோசனை என்று சொன்னார். மருமகள் யோசனை என்றால் மாமா கேட்கமாட்டார் என்று அவருக்குப் பயம்.

அந்த ஹோட்டல் இப்போது புதிதாக வந்ததில்லை. அவர் இருந்த கடைசி வாரத்தில் அவரே போய்ச் சரி சொல்லிவிட்டு வந்தார். "எத்தனை நாளைக்குத்தான் புல்லுக்குத் தண்ணி ஊத்திட்டிருக்கறது" என்றார். அந்த வாரம் முழுக்க நான் அவரோடு பேசவில்லை. பேசாமலே வண்டியை எடுத்துக்கொண்டு போனார். வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் என்று யாரோ போன் செய்தார்கள்.

அதனால் நான் அவருக்காகக் காவல் நிற்கவில்லை மாமா. அவர் கேட்டதைத்தான் இன்னும் மறுத்துக்கொண்டிருக்கிறேன்.

லைசென்ஸ் உங்கள் பேரில் இருப்பது உண்மை. பிளீச்சிங் போட்டுத்தான் கடை நடக்க வேண்டும் என்றால் ஒரு வரி எழுதுங்கள். சாவியை ரேடியோவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். வருத்தமாக எழுதவில்லை. வருத்தம் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

மருமகள்

ஏப்ரல் 2

அம்மாடி,

உன் கடிதத்தை எழுத்துக் கூட்டி நானே படித்தேன். உன் நாத்தனார் கேட்டாள், கொடுக்கவில்லை. பாதியில், இதைப் படிக்கத் தெரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. மறுபடி முதலிலிருந்து படித்தேன். அப்போது அப்படித் தோன்றவில்லை.

அந்த வாரம் உங்களோடுதான் உட்கார்ந்து சாப்பிட்டேன். நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை. தட்டைப் பார்த்தே சாப்பிட்டிருக்கிறேன் போலிருக்கிறது. அவனும் அந்த வாரம் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. புல்லுக்குத் தண்ணீர் ஊற்றுகிறோம் என்று அவன் சொன்னதை உன் எழுத்தில் படித்தபோது, அவன் குரலே கேட்டது. கடைசியாக அவன் பேசின ஒரு புதுப் பேச்சு எனக்குக் கிடைத்தது. அது உன்னைக் குத்தின பேச்சு. இருந்தாலும் எனக்கு வேண்டியிருந்தது. மன்னித்துக்கொள்.

மேனேஜருக்கு இன்னொரு கடிதம் போட்டிருக்கிறேன். "ஐயா, முந்தின கடிதத்தைக் கிழித்துப்போடவும். அந்தக் கடையில் முடிவு சொல்பவர் என் மருமகள். நான் அங்கே துணி போடும் ஆள்." டீச்சர் பிழை பார்க்க வந்தாள். "இதுல கை வைக்காதம்மா" என்றேன். லைசென்ஸை உன் பேருக்கு மாற்றுவதற்கும் கையெழுத்துப் போட்டு இதோடு அனுப்பியிருக்கிறேன். இந்தக் கையெழுத்து அழகாக வரவில்லை.

கடையைத் திற, மூடு, சின்னதாக்கு, பெரிதாக்கு. நான் ஒன்றும் கேட்கமாட்டேன். சாவியை மட்டும் யாரிடமும் கொடுக்காதே.

பார்சலில் நீலச் சட்டை இருக்கிறது. இத்தனை நாளும் துவைக்க விடவில்லை. அவன் வாசனை இருந்தது. இப்போது என் பெட்டியின் துரு வாசனைதான் வருகிறது. அது தெரிந்தும் தினம் திறந்து முகர்ந்துகொண்டிருந்தேன். காலரில் அழுக்கு இருக்கிறது. உன் முறைப்படி துவைத்துவை. ஆனதும் தபாலில் அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
உன் கடை வாடிக்கையாளர்

ஏப்ரல் 15

மாமாவுக்கு,

பார்சல் வந்தது. சட்டையை மெஷினில் போடவில்லை, கையால் துவைத்தேன். காலர் கறை முழுதாகப் போகவில்லை. பிளீச்சிங் போட்டிருந்தால் போயிருக்கும். இருக்கட்டும்.

பெரிய மெஷினை விற்றுவிட்டேன். வண்டியையும்தான். வண்டி போகும்போது உள்ளே போய்விட்டேன், ரேடியோதான் நின்று அனுப்பினாள். இப்போது வாரத்தில் பாதி நாள்தான் கடை. "கடை சின்னதாப் போனா என்ன, என் வாய் அப்படியேதானே இருக்கு" என்கிறாள் அவள். பின்தெருவில் குழந்தைகள் காப்பகம் வந்திருக்கிறது. மருந்து வாசனை இல்லாமல் துவைக்கிற இடம் தேடினார்களாம், நம்மிடம் தருகிறார்கள். இது போதுமா என்று தெரியவில்லை. இந்த மாதம் ஓடுகிறது.

நாணலை வெட்டிவிட்டேன். வருஷா வருஷம் அவர் வெட்டுவார். கையைக் கிழிக்கும் என்று தெரியாது, அவர் சொன்னதில்லை. சட்டை துவைத்த தண்ணீரும் அந்தப் பாத்தியில்தான் இறங்கியது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். அழுகை வரவில்லை. ஆனால் மரத்த கன்னம் என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில் லேசாகக் குறுகுறுத்தது.

சட்டையைத் தபாலில் அனுப்பச் சொன்னீர்கள். வண்டி போன பிறகு நாங்கள் யாருக்கும் துணியைக் கொண்டுபோய்க் கொடுப்பதில்லை. துணி போட்டவர் வந்து நின்று வாங்கிக்கொள்ள வேண்டும். ஆளைப் பார்த்து வழக்கத்தை மாற்ற முடியாது.

நீல நூல், இரட்டை முடிச்சு. ஒன்று சட்டைப் பொத்தானில் கட்டியிருக்கிறேன். இன்னொன்று இந்தக் கடிதத்துக்குள் இருக்கிறது, பிரிக்கும்போது கீழே விழுந்துவிடப் போகிறது, பார்த்து எடுங்கள்.

சட்டை கம்பியில் முன்னால் தொங்குகிறது. தூசி படியும், உள்ளே வைக்கட்டுமா என்று ரேடியோ கேட்டாள். வேண்டாம், ஆள் வருவார் என்றேன்.

மருமகள்