படையல் குழம்பில் உப்பு பார்த்தேன்

என் பிரியமுள்ள விமலாக்கா,

நீ போய் இன்றோடு பதினேழு நாள். நேற்று உனக்குப் படையல் போட்டோம். அதில் நான் ஒரு தவறு செய்துவிட்டேன். வேறு யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள், இல்லை பதறுவார்கள். அதனால் உன்னிடம் சொல்கிறேன்.

ஈப்போவிலிருந்து கடல் தாண்டி இந்தக் கன்னட ஊருக்குப் படிக்க வந்து, ஜோகுபாளையத்தில் உங்கள் மாடி அறையில் குடியேறியபோது எனக்கு முட்டை பொரிக்க மட்டும்தான் தெரியும். தமிழ் பேசுகிற வீடு, நம் வீட்டுச் சாப்பாடுதான் கிடைக்கும் என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். முதல் நாளே நீ கேழ்வரகுக் களி வைத்தாய். நான் அதை மென்றேன். "ஐயோ அம்மா, பபுள்கம் மாதிரி மெல்லுறா பாரு இவ! முழுங்குடி!" என்று கத்தினாய். என்னைவிட இரண்டே வயது மூத்தவள். ஆனாலும், "அக்கான்னு கூப்டு, அப்பதான் களிக்கு சாறு ஊத்துவேன்" என்றாய். கூப்பிட்டேன்.

கார்மெண்ட்ஸ் வேலை முடிந்து வந்து, காலைக்கூட நீட்டாமல் அடுப்படியில் என் பக்கத்தில் நிற்பாய். கொதிக்கிற குழம்பில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பாய். அதுதான் உன் அளவு. "புக்குல எழுதியிருக்காது, கைய நீட்டு." அவரைக்காய் வரும் மாதங்களில் நீ, நான், உன் அம்மா மூவரும் உட்கார்ந்து, ஊறிய கொட்டையைத் தோலிலிருந்து பிதுக்குவோம். என்னுடையது நசுங்கும். உன்னுடையது துள்ளி அம்மாவின் மடியில் விழும்.

இந்த வருடம் அவரைக்காய் வந்தபோது நீ மஞ்சள் காமாலையோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாய். கஞ்சி மட்டும்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிதுக்குப் பருப்புக் கொழம்பு தனியா செஞ்சு எடுத்துனு வாடி. ஒரே ஒரு வாய். நீ எப்படி செய்றேன்னு பாக்கணும்" என்றாய். "முதல்ல நல்லாகு" என்று கஞ்சியை நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாய். மூன்றாம் நாள் நீ இல்லை. நான் செய்தது சரிதான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரியான காரியம் இப்படி வலிக்குமா அக்கா?

பதினாறாம் நாளுக்கு, "அவ கேட்டத நீயே செய்ம்மா" என்றார் அம்மா. படையலுக்குச் செய்வதை யாரும் வாயில் வைக்கக்கூடாது, முதல் வாய் உனக்குத்தான் என்றும் சொன்னார். காலையிலிருந்து கவனமாகத்தான் இருந்தேன். குழம்பு கொதித்து வாசம் வந்ததும் கை தானாக நீண்டது. உள்ளங்கையில் ஒரு சொட்டு. நக்கிவிட்டேன்.

யாரும் பார்க்கவில்லை. மறுபடி செய்யப் பருப்பு இல்லை, உறவுக்காரர்களும் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆனால் நீ கேட்டும் கொடுக்காத ஒன்றை, எச்சிலாக்கி, அதை மறைத்தும் உனக்கு வைப்பதா? அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

அம்மா குனிந்து சட்டியைப் பார்த்தார்.

"உப்பு எப்படி கீது?"

"சரியா இருக்கும்மா."

"அப்ப எடுத்துனு வா. தெனம் உன் தட்டுலேர்ந்து புடுங்கித் தின்னவ, இன்னிக்கு மட்டும் எச்சின்னு சொல்லுவாளா?"

சொல்லிவிட்டு, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டார். இந்தப் பதினாறு நாளில் அவர் அழுதது அப்போதுதான்.

இலையில் நானே பரிமாறினேன். சாப்பிட்டவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். நீ சொன்னால்தானே எனக்குத் தெரியும்?

பரீட்சை முடிந்ததும் வந்துவிடு என்று அப்பா எழுதியிருக்கிறார். இங்கே அம்மா இன்று உலையில் ஒரு பிடி அரிசிதான் போட்டார். பார்த்துவிட்டு, என் பங்கையும் கழுவி அதிலேயே போட்டேன். இந்த ஊரில் இருக்கும்வரை ஒரு வேளைகூட அவரைத் தனியாகச் சாப்பிட விடமாட்டேன், அக்கா. அதற்குப் பிறகு என்ன செய்வேன் என்று தெரியவில்லை. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

கேட்டதைக் கொடுக்காத,
உன் மாடிவீட்டுத் தங்கச்சி