நான்கு மடங்கு போதும்

புரட்டாசி 10, வெள்ளி
புழுக்கம். மில் ஷிஃப்ட் முடிந்து ராஜபாளையத்திலிருந்து பஸ், ஸ்ரீவில்லிபுத்தூர் ரைஃபிள் கிளப்புக்கு. நின்றபடியே.

முப்பதாவது குண்டில், துப்பாக்கி மேல் மாட்டிக் குறிபார்க்கும் ஸ்கோப் போயிற்று. உள்ளே இருக்கும் கூட்டல் குறிக் கோடு சாய்ந்து கிடக்கிறது. ஆன்லைனில் படம் பார்த்து வாங்கினேன் இல்லையா, எனக்கு நன்றாக வேண்டும். என்னுடையது ஸ்பிரிங் ஏர் ரைஃபிள், காற்றுத் துப்பாக்கி. பின்னால் ஒரு உதை, உடனே முன்னால் ஒரு உதை. பெரிய துப்பாக்கியில் நிற்கும் ஸ்கோப்கூட இதில் நிற்காதாம். இப்போது சொல்கிறார்கள்.

கிளப் செயலாளர், என்னைவிடப் பத்து வயது இளையவர்: "ஒண்ணு எங்களமாதிரி வெல கூடுனதா வாங்குங்க. இல்ல, நாப்பத்தாறு வயசாச்சு, பேசாம விட்ருங்கக்கா."

விடுவதாக இல்லை. ஸ்கோப் இல்லாவிட்டால் எனக்குக் குறி மங்கல், அது உண்மை. மாநிலப் போட்டிக்கு 19ஆம் தேதி கிளப்பில் ஐந்து பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதில் நான் இருப்பேன்.

11, சனி
கோயில் கூட்டம். துப்பாக்கிச் சாமான் கடையில் ஈ இல்லை. பார்த்தவை:
– பெரியது, 24 மடங்கு. என் கை நடுக்கமும் 24 மடங்கு தெரியும். வேண்டாம்.
– உள்ளே சிவப்பு விளக்கு எரிவது. தீபாவளிக்கு ஆகும்.
– குட்டி. 4 மடங்கு, கூட்டவோ குறைக்கவோ முடியாது. அசையும் பாகம் குறைவு. ஏர் ரைஃபிளுக்கு என்றே டப்பாவில் போட்டிருக்கிறது.

கடைக்காரர்: "அக்கா, இது சின்னப் பிள்ளைக வாங்குறது."

"அம்புட்டுப் பெரிசா வாங்கிட்டுப் போனவுகள்ல எத்தன பேரு திருப்பிக் கொண்டாந்தாக? அதச் சொல்லுங்க."

குட்டியை வாங்கிவிட்டேன்.

13, திங்கள்
கிளப். இருநூறு குண்டு. ஸ்கோப்பின் திருகைத் திருப்பிச் சோதித்தேன்: மேலே எட்டு சொடுக்கு, வலம் எட்டு, கீழே எட்டு, இடம் எட்டு. குண்டு திரும்பவும் தொடங்கிய ஓட்டையிலேயே விழுந்தது. மூன்று முறையும். விரலெல்லாம் ஈயக் கறுப்பு. இட்லி அரிசி வாங்க மறந்தாச்சு.

15, புதன். ஆயுத பூஜை
அழுதேன். கோபத்தில்.

வீட்டுக்காரர் லேத் பட்டறை மிஷினுக்கெல்லாம் பொட்டு வைத்த கையோடு வந்து, என் ஸ்கோப்பின் முன் கண்ணாடியில், நட்ட நடுவே, சந்தனம் குங்குமம். நான் கத்தியதும் தோள் துண்டால் துடைத்தார். பட்டறைத் துண்டு. அதில் இரும்புத் தூள். கண்ணாடி முழுக்கக் கீறல்.

"ஏட்டி, ஆயுதத்துக்குப் பொட்டு வைக்காம இருப்பாகளா? நீ ஜெயிக்கணும்னுதான வச்சேன்."

இந்த மனிதரை எப்படித் திட்டுவது? திட்டினேன், நன்றாகவே.

16, வியாழன்
சுட்டுப் பார்த்தேன். மார்கழிப் பனியில் பார்க்கிற மாதிரி இருக்கிறது. ஆனால் கோடு அசையவில்லை, குண்டு விலகவில்லை. வேறு வாங்க மாட்டேன்.

19, ஞாயிறு
காலையில் தூறல். செயலாளர் தன் ஸ்கோப்பைக் கழற்றிக்கொண்டு வந்து நீட்டினார்.

"வேண்டாம் தம்பி. பொறவு ஸ்கோப்புதான் சுட்டுச்சும்பாக."

நாற்பது குண்டு. முடித்ததும் பட்டியலைப் பார்க்கப் போனேன்.

பட்டியலில் ஐந்தாவது என் பெயர். மேலே நான்கு பேர் பேனாவில். நான் மட்டும் பென்சிலில்.

செயலாளர்: "கீறல் விழுந்த ஸ்கோப்பு, மாநிலப் போட்டி வரைக்கும் தாங்குமோ என்னமோன்னுதான்க்கா..."

அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்தேன். பென்சில் எழுத்தின் மேலேயே அழுத்தி எழுதினேன். இனிஷியலோடு.